மஸ்கட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு

ஊருக்கு வந்த மறுநாள் காலை என் வீட்டுக்காரர் எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். டம்ளரில் பாதி, தரையில் பாதி. கை நடுங்குகிறது என்றார். கை நடுங்கவே இல்லை. டம்ளர் எங்கே இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

நான் மஸ்கட்டில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறவள். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் மளிகை கட்டி வந்த காகிதம்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பத்து நாள் லீவு கிடைக்கும்போது திண்டுக்கல் ஆத்தூர்ப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கு வருவேன். மற்றபடி வாராவாரம் வீடியோவில் பேச்சு. அதில் பாதி நாள் அவருடைய காதைத்தான் பார்த்திருக்கிறேன். போனைப் பிடிக்கத் தெரியாத மனுஷன் என்று சிரித்துக்கொள்வேன். காரணம் அந்தக் காப்பி தரையில் ஓடியபோதுதான் புரிந்தது.

அவருக்கு இருப்பதே ஒரு கண். இடது கண் சின்ன வயதில் சோளத்தட்டை குத்திப் போனது. பக்கத்தில் டாக்டர் கிடையாது. வண்டி கட்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் சீழ் வைத்துவிட்டதாம். மிச்சமிருந்த வலது கண்ணில் இப்போது புரை. வாசல் வெளிச்சத்தில் பார்த்தபோது எனக்கே தெரிந்தது, பாலில் நனைத்த மாதிரி.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். மஸ்கட்டில் இருந்துகொண்டு, இங்கே கேஸை மூடினீர்களா என்று போன் போடுகிறவள் நான். இந்தக் கண்ணைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். எங்கள் தெருவில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்.

"தர்மாஸ்பத்திரிக்கா? நான் வரலப்பா" என்றார் அவர். "இருக்குறது ஒத்தக் கண்ணு. அதையும் ஓசில குடுத்துப் போட்டு வரச் சொல்றியா?"

அவர் குத்தகை நிலத்தில் மல்லிகையும் செண்டுமல்லியும் போடுகிறவர். சும்மா வருகிற எதுவும் உருப்படாது என்பது அவர் கட்சி. அரசாங்கம் சும்மா கொடுத்துக் கொடுத்துத்தான் ஜனம் கெட்டுப்போச்சு என்று டீக்கடையில் தினமும் பேசுவாராம்.

எனக்கு மஸ்கட் ஞாபகம் வந்தது. நான் வேலை பார்க்கும் வீட்டுப் பெரியம்மாவுக்கு அங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில்தான் கண் ஆபரேஷன் ஆனது. கார் நிறைய ஆட்கள் போனார்கள். ஒரு பைசா கொடுக்கவில்லை. யாரும் கூச்சப்படவும் இல்லை. அது அந்த நாட்டுக்காரர்களுக்கு உள்ளது. எனக்குக் கடைவாய்ப் பல் வலித்தபோது அந்த வாசலில் எனக்கு வேலை இல்லை. முதலாளியம்மா முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். கேட்கப் பயந்து கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு ரமலான் முழுக்கச் சமைத்தேன்.

இதை அவரிடம் சொன்னேன். "சரி, சும்மா பாத்துட்டு வருவோம்" என்றார். ஆனால் தனியார் பஸ்ஸில்தான் வருவேன் என்று ஒரு நிபந்தனை வைத்தார். பெண்களைச் சும்மா ஏற்றுகிற பஸ்ஸில் ஏறினால் அவருக்கு மரியாதைக் குறைவாம்.

திங்கட்கிழமை காலை அந்தத் தனியார் பஸ்ஸில் ஏறினோம். உள்ளே பாட்டு காதைப் பிளந்தது. செம்பட்டி தாண்டிச் செத்த நேரத்தில் 'டமார்' என்று ஒரு சத்தம். நான் சாமி பெயரைச் சொல்லிக் கம்பியைக் கட்டிப் பிடித்தேன். டயர் வெடித்திருக்கிறது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். பின்னாலேயே அரசாங்க டவுன் பஸ் வந்து நின்றது. வேறு வழியில்லை.

"பொம்பளைக கையக் காட்டுங்க, ஆம்பளைக காசக் காட்டுங்க" என்று கண்டக்டர் உள்ளே நசுங்கி வந்தார்.

முன்னால் நின்ற ஒரு வெள்ளைச் சட்டைக்காரர், "இம்புட்டுப் பொம்பளைகளயும் ஓசில கூட்டிட்டுப் போனா கவர்மெண்டு எப்பிடி உருப்படும்?" என்றார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார்.

கீரைக்கட்டை மடியில் வைத்திருந்த அம்மா ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். "ஏலே அப்பு, நீ நடக்குற ரோட்டுக்கு டிக்கெட்டு வாங்கிட்டா நடக்குற?"

பஸ்ஸே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகுதான் தான் எந்தப் பக்கம் என்று ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். கண் பிரிவு வாசலில் வரிசை நின்றது. உட்கார இடமில்லை. கழிப்பறைப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். இதையெல்லாம் மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. அவர் என் காதில், "சொன்னேன்ல" என்றார்.

எங்களுக்கு முன்னால் நின்றவர் அய்யலூர்க்காரர். பெயர் பெருமாள், ஆட்டு வியாபாரி. சொந்த வேன் வைத்திருக்கிறார், விரலில் மோதிரம். ஒரு கண் ஏற்கெனவே இங்கே செய்தாகிவிட்டது, இன்னொன்றுக்கு வந்திருக்கிறார்.

"வசதியான ஆளா இருக்கீங்க, இங்க எதுக்கு வந்தீங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"ஏன்யா, ஆட்டோட பல்லப் பாத்தே வயசச் சொல்றவன் நானு. சந்தைல ஒருத்தன் கிழட்டு ஆட்டக் குட்டின்னு என் தலைல கட்டிட்டான். அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன் கண்ணு போச்சுன்னு. எங்க நல்லாப் பாப்பாகன்னு விசாரிச்சேன், இங்கன்னாக. வந்தேன். நீரு என்ன தொழிலு?"

"பூ வெவசாயம். எனக்கு இந்த ஓசியெல்லாம் பிடிக்காது. இவ சொன்னான்னு வந்தேன்."

"அப்பிடியா? உம்ம தோட்டத்து மோட்டாருக்குக் கரண்டு பில்லு எம்புட்டு வருது பூக்காரரே?"

இவர் முழித்தார். "அது வெவசாயிக்கு அரசாங்கம் குடுக்குறது."

"ஆமாய்யா. உமக்குக் குடுத்தா உரிமை, அடுத்தவனுக்குக் குடுத்தா ஓசி."

வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். இவருக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கே சண்டை வந்து வரிசையை விட்டு வெளியே போய்விடுவாரோ என்று நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே ஒரு நர்ஸ் பெண், நெய்க்காரப்பட்டிக்காரி. வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள். "ஏனுங்கய்யா, கண்ணுல பூச்சாறு, தாய்ப்பாலு, வெங்காயம் எதாச்சும் விட்டீங்களா?"

"இல்லம்மா."

"இனியும் விட்டுறாதீங்க. இந்தப் பக்கத்துல கண்ணுன்னாலே ஆளாளுக்கு ஒரு பூவத் தூக்கிட்டு வந்துருவாங்க. அப்புறம் நாங்கதான் பாடுபடோணும்."

டாக்டரம்மா நிதானமாகப் பார்த்தார். முற்றின புரை, ஒற்றைக் கண், அதனால் ரொம்ப ஜாக்கிரதையாகச் செய்ய வேண்டும், புதன்கிழமை காலையில் தலைக்குக் குளித்து வாருங்கள் என்றார். ரத்தம், சர்க்கரை, பிரஷர் எல்லாம் அங்கேயே பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் இவர் பிரியாணி வேண்டும் என்றார். திண்டுக்கல்லுக்கு வந்துவிட்டு சீரகசம்பா வாசனையைத் தாண்டிப் போக யாரால் முடியும்? மஸ்கட்டில் நான் சமைக்கிற அரிசி விரல் நீளம் இருக்கும், வாசனை எல்லாம் ஏலக்காயும் காய்ந்த எலுமிச்சையும். இங்கே அரிசி மிளகு அளவு, காரம் மூக்கில் ஏறும். அவர் எலும்பு எது கறி எது என்று விரலாலேயே தடவித் தடவிச் சாப்பிட்டார். நான் எனக்கு இறங்கவில்லை என்று என் இலையிலிருந்த கறியையும் பிய்த்து அவர் இலையில் வைத்தேன். வைத்தது அவருக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் தங்கை மரியபுஷ்பம் வந்தாள். பக்கத்துத் தெருதான். நூறு நாள் வேலைக்குப் போகிறவள். அவளைக் கண்டாலே அண்ணனுக்குத் தொண்டை அரிக்கும்.

"வா, மரத்தடில உக்காந்து கத பேசுறதுக்குச் சம்பளம் வாங்குறவளே. நீங்கல்லாம் அங்க போயிட்டா எனக்குப் பூப் பறிக்க ஆளு எங்குட்டுக் கெடைக்கும்?"

"ஏண்ணே, ஒனக்குப் பறிச்சா கூலிய எப்பக் குடுப்ப? பூ வித்தாத்தான் குடுப்ப. விக்காட்டி என்ன சொல்லுவ? அடுத்த வாரம் பாப்பம்பே. எனக்குப் பசி அடுத்த வாரம் வராது, இன்னைக்கு வரும்."

"பாத்தியா புள்ள, இவளுக்கு வாயி?"

இரண்டு பேர் சொல்வதிலும் எனக்கு நியாயம் தெரிந்தது. விடியற்காலையில் மொட்டாகவே பறிக்க வேண்டிய மல்லிகை, ஆள் இல்லாமல் செடியிலேயே மலர்ந்து வீணாவதை நானே பார்த்தேன். ஒரு வருஷம் மழை இல்லாதபோது மரியபுஷ்பம் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த மரத்தடி வேலையால்தான் என்பதும் எனக்குத் தெரியும். இப்படி இரண்டு பக்கமும் தெரிவதால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை போலிருக்கிறது.

போகும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, அண்ணனுக்கு ஒன்னும் ஆகாதுல்ல?" என்று அழுதாள். சண்டைக்காரிக்கு இம்புட்டுப் பாசம்.

அந்தப் பாசம்தான் வினையாக வந்தது. புதன்கிழமை விடிகாலை நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவள் வந்திருக்கிறாள். நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கொண்டுவந்து, கசக்கி, அண்ணன் கண்ணில் நாலு சொட்டு விட்டு, மேலேயும் பூவை வைத்துக் கட்டி, நான் வருவதற்குள் அவிழ்த்துக்கொண்டு போயிருக்கிறாள். கத்தி படப் போகிற இடமாம், குளுமையாக இருக்கட்டுமாம். எங்கள் பக்கத்தில் கண் எரிந்தால் முதலில் தேடுவது அந்தப் பூவைத்தான். இவரும் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்துவிட்டு, என்னிடம் மூச்சு விடவில்லை.

ஆஸ்பத்திரியில் நெய்க்காரப்பட்டிப் பெண் அதே கேள்வியைக் கேட்டாள். இவர் "இல்ல" என்றார். அவள் இமையை விரித்துப் பார்த்தாள். கண் செக்கச்சிவந்து கிடந்தது. உள்ளே ஓரத்தில் வெள்ளையாக இதழ்த் துணுக்கு ஒன்று.

"ஏனுங்கய்யா, இல்லைன்னு சொன்னீங்க, அப்ப இந்தப் பூவு எங்கிருந்துங்க வந்துச்சு?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, நீங்களுமாங்க?" என்றாள். எனக்குத் தரையில் புதைந்துகொள்ளலாம் போலிருந்தது.

டாக்டரம்மா வந்து பார்த்தார். திட்டவில்லை. "இந்தக் கண்ணுல இன்னைக்குக் கை வைக்க மாட்டேன். சொட்டு மருந்து தர்றேன். அடுத்த புதன்கிழமை சிவப்பு இல்லாம இருந்தா செய்வேன். இருந்தா அப்பவும் செய்ய மாட்டேன்."

அடுத்த புதன்கிழமைக்கு முன்னாலேயே நான் மஸ்கட் போயாக வேண்டும். வாசலுக்கு வந்து நின்றோம். "ஓசின்னா இப்பிடித்தான். வந்த ஆளத் திருப்பி அனுப்பிப்புடுவாங்க" என்றார். பூவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவருக்காகத்தான் தனியார் கண் ஆஸ்பத்திரி ஒன்றுக்கும் போனோம். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. நாற்காலி மெத்தையில் முதுகு புதைந்தது. கவுண்டரில் இருந்த பெண் தண்ணீர் கொடுத்தாள், எந்த லென்ஸ் வேண்டும் என்று படம் காட்டினாள், நாளைக்குக் காலையிலேயே வரலாம் என்றாள். நாளைக்கு என்றால் நான் மஸ்கட் போவதற்குள் கட்டுப் பிரித்துவிடலாம். என் வேலையும் தப்பும். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"கண்ணு செவந்திருக்கேம்மா?" என்று கேட்டேன்.

"டாக்டர் காலையில பாத்துச் சொல்லுவாங்க ஆன்ட்டி. இப்ப அட்வான்ஸ் கட்டிட்டா நேரம் ஒதுக்கிடலாம்."

அந்தப் பெண் மேல் தப்பில்லை. அவளுக்கு அது வேலை. காலையில் அந்த டாக்டரும் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் எனக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு இவரைத் திருப்பி அனுப்பியதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. கண்ணைப் பார்த்தார், முடியாது என்றார். அந்த 'முடியாது' எனக்கு நம்பும்படியாக இருந்தது. உடனே இன்னொன்றும் தோன்றியது: லாபம் இல்லாத இடத்தில் வேலையைத் தட்டிக்கழிக்கத் திருப்பி அனுப்பினாலும் இதே மாதிரிதானே இருக்கும்? எனக்கு எந்த நினைப்பும் தனியாக வருவதில்லை, எதிர் நினைப்பைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் வரும். ஆனால் தட்டிக்கழிக்கிறவர் இமையை அவ்வளவு நேரம் விரித்துப் பார்த்திருக்க மாட்டார்.

"வாங்க, வீட்டுக்குப் போவோம். ஒரு வாரம் பொறுப்போம்" என்றேன்.

"ஒன் வேல?"

"வேல போனா வேற வேல. கண்ணு போனா?"

அவர் எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அன்றைக்கு ஓசி என்ற பேச்சு எழவில்லை.

மஸ்கட்டுக்குப் போன் செய்தேன். முதலாளியம்மா முதலில் கண்ணைப் பற்றி விசாரித்தார். பிறகு, "உன் புருஷன் கண் முக்கியம்தான். ஆனால் எங்கள் வீட்டிலும் சாப்பிட வேண்டும் அல்லவா? அடுத்த வாரக் கடைசிக்குள் வந்துவிடு. வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன், என் மேல் வருத்தப்படாதே" என்றார். அவர் நல்லவர்தான். அவர் நல்லவராக இருப்பதை நம்பித்தான் என் பல்லும் என் லீவும் ஓடுகின்றன என்பதுதான் சங்கடம்.

அந்த வாரம் முழுக்கச் சொட்டு மருந்தை நானே விட்டேன். மரியபுஷ்பம் வாசலோடு நின்றாள், உள்ளே வரப் பயம். "பூவக் கையில வச்சிருக்கியா?" என்று அண்ணன் கேட்பார். "இல்லண்ணே, ரெண்டு கையும் காலி" என்று அவள் விரித்துக் காட்டுவாள். அவருக்கு அது தெரியாது என்பது இரண்டு பேருக்குமே ஞாபகம் இருக்காது.

நான் மணிக்கொரு தரம் இமையை விரித்துப் பார்த்தேன். ஒருநாள் சிவப்புக் குறைந்த மாதிரி இருக்கும், மறுநாள் கூடின மாதிரி இருக்கும். "நீ தோண்டுறதுலயே செவந்துரும் புள்ள" என்று அவர் கையைத் தட்டிவிட்டார்.

மறுபடி புதன்கிழமை. இந்தத் தடவை டவுன் பஸ்ஸில்தான் ஏறினோம். அவரே ஏறினார். டாக்டரம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்தார். "செய்யலாம்" என்றார். நெய்க்காரப்பட்டிப் பெண் அவருக்குப் பச்சை உடுப்பு மாட்டிக் கூட்டிப்போனாள். கதவு மூடிக்கொண்டது.

வெளியே பெருமாள் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது கண்ணும் முடிந்து, காட்டிவிட்டுப் போக வந்திருக்கிறார். கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்து, "என்னம்மா, பூக்காரர் உள்ள போயிட்டாரா? அங்க போயும் எனக்கு ஓசி வேணாம்னு சண்ட போடாம இருக்கணும்" என்றார். வாசலில் இருக்கிற அரசாங்க மலிவு விலை உணவகத்தில் இட்லி வாங்கி வந்து என் கையில் வைத்தார். "தின்னு தாயி. நீ பட்டினி கெடந்தா அவரு கண்ணு தெரியவா போவுது?"

இட்லி சூடாக இருந்தது. பக்கத்தில் ஒரு தூய்மைப் பணியாளர் அம்மாவும், தலையில் கட்டோடு ஒரு கல்லூரிப் பையனும், பட்டுச் சேலை கட்டிய ஒரு பெரியம்மாவும் அதே இட்லியைத் தின்றுகொண்டிருந்தார்கள். அரசாங்கம் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று பெரிய பெரிய ஆட்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். வெறும் ஓட்டுக்காகக் கொடுக்கிறதும் உண்டு, இல்லை என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முதலாளி நல்லவரா, சொந்தக்காரர் இரக்கப்படுவாரா என்று முகத்தைப் பார்த்து நிற்காமல், ஒரு மனுஷி நேராக வரிசையில் போய் நிற்கிற மாதிரி ஓர் இடம் இருக்க வேண்டும். கடல் தாண்டி நான் வேலை பார்க்கும் ஊரில் எனக்கு அந்த வரிசை இல்லை. இங்கே இருக்கிறது. கழிப்பறையைக் கழுவட்டும், நாற்காலி போடட்டும், அதற்காகச் சண்டை போடலாம். வரிசையே இல்லாமல் போய்விடக் கூடாது.

கட்டுப் போட்ட கண்ணோடு அவரை வெளியே கொண்டுவந்தார்கள். ராத்திரி முழுக்கக் கட்டைத் தொடாதீர்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் தூங்கிவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் டாக்டரம்மா வந்து கட்டைப் பிரித்தார். பஞ்சால் துடைத்தார். மெதுவாகத் திறவுங்கள் என்றார். விரல்களை நீட்டி, "எத்தனை விரல்னு சொல்லுங்கய்யா" என்றார்.

இவர் பதில் சொல்லவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா மறுபடியும் கேட்டார். இவர் அந்த விரல்களைப் பார்க்கவே இல்லை. டாக்டரம்மா தோளுக்கு மேலே, பின்னால் நின்ற என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள," என்றார், "ஒனக்கு எப்பருந்து தல இம்புட்டு நரச்சுச்சு?"

"போன புதங்கெழமையிலருந்து" என்றேன்.

நர்ஸ் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். "வீட்டு விசாரணைய அப்புறம் வச்சுக்கங்க. மொதல்ல என் விரலச் சொல்லுங்க."

"மூணு" என்றார், என்னை விட்டுக் கண்ணை எடுக்காமலேயே.